51 ஜி மோதலுக்கு 10 விநாடி தண்டனை போதுமா?

2021 ஜூலை 18, சில்வர்ஸ்டோன். ஃபார்முலா 1 கார் பந்தயமான பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயின் முதல் சுற்றிலேயே, காப்ஸ் வளைவில் ஹாமில்டனின் முன் இடது சக்கரம் வெர்ஸ்டாப்பனின் பின் வலது சக்கரத்தில் பட்டது. வெர்ஸ்டாப்பனின் கார் டயர் தடுப்பில் மோதியபோது பதிவானது 51 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 51 மடங்கு விசை. அவர் கவென்ட்ரி மருத்துவமனைக்குப் போனார். ஹாமில்டனுக்கு 10 விநாடி தண்டனை, லைசென்ஸில் 2 தண்டனைப் புள்ளி. பந்தயத்தையும் அவரே ஜெயித்தார். சாம்பியன்ஷிப் பட்டியலில் வெர்ஸ்டாப்பனின் 33 புள்ளி முன்னிலை ஒரே நாளில் 8 ஆகிவிட்டது. "ஒருத்தரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு கோப்பையும் வாங்கிட்டுப் போறாரே" என்ற கோபம் இன்னும் அடங்கவில்லை.

கோபம் நியாயம்தான். ஆனால் அதில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. ஸ்டூவர்டுகள், அதாவது பந்தய நடுவர்கள், எடைபோட்டது ஓட்டுநர் செய்த செயலை. கார் கடைசியில் எங்கே போய் மோதியது என்பதை அல்ல. அதே தொடுதல் மெதுவான வளைவில் நடந்திருந்தால் இருவரும் ஓட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம். 2025இல் பார்சலோனாவில் வெர்ஸ்டாப்பன் ரஸ்ஸலின் பக்கவாட்டில் இடித்தார். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் 10 விநாடியும் 3 தண்டனைப் புள்ளியும் கிடைத்தன, சில்வர்ஸ்டோனைவிட ஒரு புள்ளி கூடுதல். இடத்தை விட்டுக்கொடுப்பதுபோல் வேகத்தைக் குறைத்து, பிறகு முடுக்கி இடித்ததாக ஸ்டூவர்டுகள் கண்டதே காரணம்.

சில்வர்ஸ்டோன் தீர்ப்பின் சாரம் சில வரிதான். வளைவுக்குள் நுழையும்போது வெர்ஸ்டாப்பன் முன்னால். ஹாமில்டன் உள்பக்கம், சற்றுப் பின்னால். ஹாமில்டன் பிடித்த கோடு ஏபெக்ஸை, அதாவது வளைவின் உள்விளிம்பு முனையை, தொடவில்லை, அவருக்கு உள்பக்கம் இன்னும் இடம் இருந்தது. வெர்ஸ்டாப்பன் திரும்பியபோது ஹாமில்டன் மோதலைத் தவிர்க்கவில்லை. ஆகவே 'பெரும்பாலும்' ஹாமில்டன் மீது தவறு. அந்த 'பெரும்பாலும்' வேண்டுமென்றே போட்ட சொல். முழுத் தவறும் அவர் தலையில் ஏற்றப்படவில்லை.

ஏபெக்ஸ் ஏன் தவறியது? காப்ஸ் ஏறக்குறைய 290 கி.மீ. வேகத்தில் எடுக்கும் வலது வளைவு. உள்பக்கம் ஒட்டி நுழைகிறவருக்கு வளைவின் ஆரம் சிறிது, அதனால் தாங்கும் வேகமும் குறைவு. முதல் சுற்று என்பதால் 110 கிலோ வரையிலான எரிபொருளும் காரில் இருக்கும். பக்கத்தில் இன்னொரு கார் கலைத்துவிட்ட காற்றில் முன் இறக்கையின் அழுத்தமும் குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கமே தள்ளும். பந்தயம் முடிய இரண்டு சுற்று இருக்கையில், அதே காப்ஸில், அதே உள்பக்கத்தில் ஹாமில்டன் இன்னொரு ஓட்டுநரான லெக்லெர்க்கைத் தாண்டினார். அப்போது கார் இலகு, ஏபெக்ஸுக்கு நெருக்கமாகவும் போனார், லெக்லெர்க்கும் வெளிப்பக்கம் விலகிக்கொண்டார். மோதல் இல்லை. இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்ப்பதுபோல நல்ல பாடம் வேறில்லை.

பந்தயங்களை நிர்வகிக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை அளந்து சொல்கிறது. உள்பக்கம் முந்துகிறவரின் முன் அச்சு, ஏபெக்ஸுக்கு முன்பும் ஏபெக்ஸிலும், மற்றவரின் கண்ணாடிக்கு நேராகவாவது இருக்க வேண்டும். வெளிப்பக்கம் முந்துகிறவரின் முன் அச்சு ஏபெக்ஸில் மற்றவரின் முன் அச்சுக்கும் முன்னால் இருக்க வேண்டும். கார் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், தடத்துக்குள்ளேயே முந்தி முடிக்கவும் முடிய வேண்டும். இது வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல. இதில் எனக்குள்ள குறை ஒன்று: ஏபெக்ஸுக்கு முன்பே மூக்கை நுழைத்துவிட்டால் போதும் என்று, பிரேக்கைத் தாமதித்துப் பாய்கிறவர்களுக்கு இது வசதியாகிவிட்டது.

வீடியோவைப் பார்த்து வாதாடுகிறவர்கள் முதலில் தொலைக்காட்சிக் கோணத்தை ஒதுக்குங்கள். தூரத்து லென்ஸ் இடைவெளியைச் சுருக்கிக் காட்டும். இரண்டு கார்களிலும் பொருத்திய கேமரா (ஆன்-போர்டு) காட்சிகளை எடுத்து, முன்னால் போகிறவர் ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். பின்னவரின் முன் அச்சு எங்கே இருக்கிறது? ஓரத்தில் ஒரு காரின் அகலம், 2021 எஃப்1 காருக்கு 2 மீட்டர், மிச்சம் இருக்கிறதா? காரின் வேகம், பிரேக் பதிவுகள் (டெலிமெட்ரி) கிடைத்தால் முந்தைய சுற்றுகளில் அவர் எங்கே பிரேக் பிடித்தார் என்று ஒப்பிடுங்கள். உள்பக்கம் போகிறவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பிடித்திருக்க வேண்டும். தாமதமாகப் பிடித்திருந்தால் அந்த முயற்சி வளைவுக்குள் அடங்கியிருக்காது. மோதிய கணத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை, தவறு அதற்கு ஒரு விநாடி முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இனி ஆபத்து. வேகம்தான் எல்லாம் என்று நினைத்தால், அதே 2021 செப்டம்பரில் மொன்சா அதைப் பொய்யாக்கியது. முதல் சிகேன் (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுகள்), தடத்திலேயே மிக மெதுவான இடங்களில் ஒன்று. வெர்ஸ்டாப்பனின் கார் ஓர மேட்டில் ஏறித் துள்ளி ஹாமில்டனின் கார்மேல் விழ, பின் சக்கரம் அவர் தலைக்கு மேலே இருந்த ஹாலோ என்ற பாதுகாப்பு வளையத்தில் ஏறியது. 2018இல் கட்டாயமான அந்த டைட்டானியம் வளையம் சுமார் 7 கிலோ எடை, ஏறக்குறைய 12 டன் சுமையைத் தாங்க வேண்டும் என்பது சோதனை. அது இல்லையென்றால் அன்றைய பேச்சே வேறு. வெர்ஸ்டாப்பனுக்கு அடுத்த பந்தயத்தில் 3 இடம் பின்னே நிற்கும் தண்டனை. அவர் ஓட்டத்திலிருந்தே விலகிவிட்டதால் விநாடித் தண்டனைக்கு அர்த்தமில்லை. 'ஒருவருக்கு விநாடி, இன்னொருவருக்கு இடமா?' என்ற சண்டைக்கு இதுதான் பதில்.

மூடாத சக்கரக் கார்களில் இன்னொரு பொறி உண்டு. ஓடும் டயரின் பின்புறம் மேல்நோக்கிச் சுழல்கிறது, முன்புறம் கீழ்நோக்கி. பின்னால் வரும் காரின் முன் டயர் முன்னவரின் பின் டயரில் முட்டினால், இரண்டு சுழற்சியும் சேர்ந்து பின்னவரை மேலே தூக்கிவிடும். 2010 வலென்சியாவில் கோவலைனனின் காரில் முட்டிய மார்க் வெபர் அப்படித்தான் காற்றில் குட்டிக்கரணம் அடித்தார். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் பந்தயம் பழகும் பிள்ளைகள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். சிறு பந்தய வண்டியான கோ-கார்ட்டில் ஹாலோவும் இல்லை, பெல்ட்டும் இல்லை.

விளைவைப் பார்க்காமல் தண்டிப்பது சரி என்பதே என் கட்சி. அதிர்ஷ்டம் கெட்டவருக்கு மட்டும் கூடுதல் தண்டனை என்றாகிவிடக் கூடாது. ஆனால் இடத்தின் ஆபத்து விளைவு அல்ல, அது ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம். காப்ஸில் பாதி வாய்ப்பை நம்பிப் பாய்வதும் சிகேனில் பாய்வதும் ஒரே அளவு அலட்சியம் ஆகாது. காப்ஸ் போன்ற இடத்தில் அளவுகோல் கடுமையாக இருக்க வேண்டும். வேண்டுமென்றே இடிப்பது வேறு கணக்கு. 1990 சுசுகாவில் புரோஸ்ட்டை முதல் வளைவில் இடித்ததை சென்னா மறு ஆண்டு ஒப்புக்கொண்டார், பட்டம் அவரிடமே இருந்தது. 1997 ஹெரெஸில் வில்நெவ் மீது திருப்பிய ஷூமாக்கருக்கு அன்று தண்டனையே இல்லை. பிறகுதான் எஃப்ஐஏ அவரை அந்த ஆண்டின் தரவரிசையிலிருந்தே நீக்கியது.

மோதிய பிறகு செய்யும் தவறுதான் உயிரைக் குடிக்கிறது. தீயோ புகையோ இல்லையென்றால் காருக்குள்ளேயே, பெல்ட்டோடு இருங்கள். எஞ்சினை அணைத்து, தடத்தின் பாதுகாப்பு ஊழியரான மார்ஷல் சைகை காட்டும்வரை காத்திருங்கள். தீ என்றால் உடனே இறங்கித் தடுப்புக்கு அப்பால் போங்கள். இடித்தவரைக் கேள்வி கேட்கத் தடத்துக்குள் நடக்கவே கூடாது. 2014 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் அப்படி இறங்கி நடந்த 20 வயது கெவின் வார்ட், அந்த எதிராளியின் காரிலேயே அடிபட்டு இறந்தார். காருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பந்தய அமைப்பான நாஸ்கார் சில நாட்களிலேயே விதி போட்டது.

ஹெல்மெட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோவுக்கு மேல். 51 ஜியில் அது 300 கிலோவாகக் கழுத்தை இழுக்கும். ஹெல்மெட்டைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் கருவி அதைப் பிடித்துக்கொண்டாலும் மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்காது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அன்று மருத்துவ மையத்தில் 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் இரவு தனியாகப் படுக்க வேண்டாம், வண்டியை ஓட்டி வீட்டுக்குப் போகவும் வேண்டாம்.