இன்ஸ்டால் செய்வதற்கு முன் அரை மணி நேரம்

சில வருடங்களுக்கு முன் ஒரு விண்ணப்பப் படிவம் செய்து கொடுத்தோம். பிறந்த தேதி கேட்கும் இடத்தில் நாட்காட்டி விரிய வேண்டும் என்று முடிவாகியிருந்தது. தேடினேன், பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களில் (லைப்ரரி) ஸ்டார் அதிகமாக இருந்த ஒன்றை எடுத்தேன், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. படிவம் வெளியான இரண்டாவது வாரம் பார்வையற்ற ஒருவர் போனில் அழைத்தார். ஸ்கிரீன் ரீடர் துணையோடு கீபோர்டில் மட்டுமே வேலை செய்பவர். "எல்லாத்தையும் நிரப்பிட்டேன் சார், இந்தத் தேதி மட்டும் உள்ளே போக மாட்டேங்குது" என்றார்.

மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் விசையை அழுத்திப் பார்த்தேன். நாட்காட்டி திறந்தது. ஆனால் ஃபோகஸ் அதற்குள் போகாமல் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டது. பெட்டிக்குள் நேரடியாக எண்களைத் தட்டவும் அந்த லைப்ரரி விடவில்லை. அவர் எத்தனை முறை முயன்றிருந்தாலும் முடிந்திருக்காது.

அன்று மாலைதான், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அந்த லைப்ரரியின் பக்கத்துக்குப் போய், புகார்கள் பதியும் இஷ்யூ பகுதியைத் திறந்து படித்தேன். இதே புகாரை ஒருவர் மூன்று வருடங்களுக்கு முன்பே எழுதியிருந்தார். "எங்களுக்கும் இதே பிரச்சினை" என்று கீழே வரிசையாகப் பலர். பராமரிப்பவரிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. இன்ஸ்டால் செய்வதற்கு முன் அந்தப் பக்கத்தில் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் அந்த மனிதர் அலைக்கழிந்திருக்க மாட்டார். நாட்காட்டியை எடுத்துவிட்டு நாள், மாதம், வருடம் என்று மூன்று சாதாரணப் பெட்டிகள் வைத்தோம். பிறந்த தேதிக்கு அதுவே போதும். அதை யாரும் நாட்காட்டியைப் புரட்டித் தேடுவதில்லை.

அதிலிருந்து ஸ்டார் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பதை விட்டுவிட்டேன். ஸ்டார் என்பது ஒருவர் எப்போதோ அந்தப் பக்கம் வந்துபோனதற்கான அடையாளம். அவர் அதைப் பயன்படுத்தினாரா, இன்னும் பயன்படுத்துகிறாரா என்று அதில் தெரியாது. வாராந்திர டவுன்லோட் எண்ணும் அப்படித்தான். ஒரு பெரிய பேக்கேஜ் (வெளியிடப்பட்ட லைப்ரரி) தன் வேலைக்கு இன்னொன்றை நம்பியிருந்தாலும் எண்ணிக்கை ஏறும்; நிரலைத் தொகுத்துத் தரும் தானியங்கி பில்ட் ஓடும் ஒவ்வொரு முறையும் ஏறும். மனிதர்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்ததை மட்டும் அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? என் அனுபவத்தில், தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலையைப் பிரவுசரே செய்யுமா? 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பேக்கேஜை அதை எழுதியவர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து நீக்கினார். மொத்தமே 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ நிரப்பித் தரும், அவ்வளவுதான். அதை நம்பியிருந்த பேபல் போன்ற கருவிகள் வழியாக உலகம் முழுக்கப் பில்ட்கள் உடைந்தன. அடுத்த வருடமே அதே வேலையைச் செய்யும் 'பேட்ஸ்டார்ட்' ஜாவாஸ்கிரிப்ட் தரநிலைக்குள் வந்துவிட்டது. இன்று அந்த வேலைக்கு எந்த லைப்ரரியும் தேவையில்லை.

இப்படி மொழிக்குள்ளும் பிரவுசருக்குள்ளும் வந்துசேர்ந்தவை ஏராளம். பாப்அப் பெட்டிக்கு 'டயலாக்' எலிமெண்ட், ஒரு ஆப்ஜெக்டை ஆழமாக நகலெடுக்க 'ஸ்ட்ரக்சர்ட்குளோன்', இரண்டும் 2022 மார்ச்சிலிருந்து எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் இருக்கின்றன. "3 நாட்களுக்கு முன்" என்று தமிழிலேயே எழுதித் தரும் வசதி ஜாவாஸ்கிரிப்ட்டின் 'இன்டல்' தொகுதிக்குள் இருக்கிறது. இணைய நுட்பங்களை விளக்கும் எம்டிஎன் தளத்தில் பத்து நிமிடம் தேடினால் பாதித் தேவைகள் அங்கேயே தீர்ந்துவிடும். எந்தப் பிரவுசரில் எந்தப் பதிப்பிலிருந்து ஓடும் என்பதற்குக் 'கேன் ஐ யூஸ்' தளம். இந்த இரண்டையும் பார்க்காமல் என்பிஎம் தேடல் பெட்டிக்குப் போகாதீர்கள் என்றுதான் புதிதாகச் சேர்பவர்களிடம் முதலில் சொல்வேன்.

உண்மையிலேயே லைப்ரரி வேண்டும் என்று தெரிந்த பிறகு, நான் முதலில் போவது தேடல் பெட்டிக்கு அல்ல. நம் தேவையை ஒத்த, பல வருடங்களாக நன்றாக நடக்கும் திறந்த மூலத் திட்டம் ஒன்றை எடுத்து, அது பயன்படுத்தும் பேக்கேஜ்களைப் பட்டியலிடும் 'பேக்கேஜ் ஜேசன்' கோப்பைத் திறந்து பார்ப்பேன். வரைபடம் காட்ட எதை வைத்திருக்கிறார்கள், இழுத்துப் போடும் வசதிக்கு எதை வைத்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும். நிஜமான சுமையைத் தாங்கி நின்ற தேர்வுகள் அவை. எந்த விளம்பரப் பட்டியலையும்விட அதை நான் நம்புவேன்.

பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பதும் முக்கியம். 'கிராஸ்-என்வ்' என்ற நல்ல பேக்கேஜின் நடுக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு, அதே பெயரில் ஒரு திருட்டுப் பேக்கேஜை 2017-இல் ஒருவர் ஏற்றிவைத்திருந்தார். இன்ஸ்டால் செய்தவர்களின் கணினியிலிருந்து ரகசியச் சாவிகளை அது வெளியே அனுப்பியது. இப்போது இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. ஏஐ கருவியிடம் கேட்டால் இல்லாத பேக்கேஜின் பெயரை இருப்பதுபோலச் சொல்லிவிடும். அந்தப் பெயரை வேறொருவர் முந்திக்கொண்டு பதிவு செய்து வைக்கலாம். ஏஐ சொன்ன பெயரை நேராக டெர்மினலில் ஒட்டாதீர்கள். முதலில் அந்தப் பேக்கேஜின் பக்கத்துக்குப் போய், யார் எழுதியது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் இஷ்யூ பகுதி. திறந்திருக்கும் இஷ்யூக்களின் எண்ணிக்கை எனக்குப் பெரிதில்லை. பராமரிப்பவர் எப்படிப் பதில் சொல்கிறார், தவறை ஒப்புக்கொள்கிறாரா, திருத்தம் எத்தனை நாளில் வெளியாகிறது, இதைத்தான் படிப்பேன். கடைசி கமிட் (நிரலில் பதிவான மாற்றம்) பழையது என்பதால் மட்டும் ஒன்றை ஒதுக்கிவிடவும் கூடாது. சிறிய வேலையைச் சரியாகச் செய்து முடித்த லைப்ரரிக்கு மாதாமாதம் மாற்றம் தேவையில்லை. தேதிகளைக் கையாளும் மொமென்ட் லைப்ரரியின் குழுவினர் 2020 செப்டம்பரில், புதிய வசதிகள் இனி சேர்க்கமாட்டோம், புதிய திட்டங்களுக்கு வேறொன்றைப் பாருங்கள் என்று வெளிப்படையாக எழுதி, மாற்றுகளின் பெயர்களையும் கொடுத்தார்கள். பயனர்களை மதிக்கும் செயல் அது. சொல்லாமல் கைவிடப்பட்டதுதான் ஆபத்து. சலித்துப்போன ஒருவர் முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைத்துவிடுவது அதைவிட ஆபத்து. 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' பேக்கேஜ் விஷயத்தில் 2018-இல் அப்படித்தான் நடந்தது. உதவ வந்தவராகப் பொறுப்பேற்றவர் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே நுழைத்தார். பல வருடங்கள் சம்பளமில்லாமல் தனியாகச் சுமந்த முதல் ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை பேர் நம்பியிருந்த ஒன்றை ஒரே ஆளிடம் விட்டுவைத்தது நம் எல்லோருடைய தவறு.

கையில் இரண்டு மூன்று பெயர்கள் தேறியதும் ஒரு வெற்றுப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பேன். முதலில் கீபோர்டு மட்டும்: டேப், என்டர், எஸ்கேப், அம்புக்குறிகள். எஸ்கேப் அழுத்தினால் மூடவில்லையென்றால், மூடிய பின் ஃபோகஸ் பழைய இடத்துக்குத் திரும்பவில்லையென்றால், அந்தப் பெயரை அங்கேயே அடித்துவிடுவேன்.

அடுத்தது தமிழ். எழுத்தைத் தொடும் எந்த லைப்ரரியையும் தமிழ்ச் சொல்லை வைத்துச் சோதிக்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள். 'நிலா' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டில் கேட்டால் 4 என்று சொல்லும். நம் கண்ணுக்கு இரண்டே எழுத்து. 'ந', இகரக் குறி, 'ல', கால் என்று தனித்தனியாக எண்ணுவதால் வரும் கணக்கு அது. நீளமான தலைப்பை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் லைப்ரரி ஒன்று மூன்றாவது இடத்தில் வெட்டினால் 'நில' என்று நிற்கும், பொருளே மாறிவிடும். எழுத்துகளை ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டும் அனிமேஷன் லைப்ரரிகள் பலவற்றில் கொம்பும் காலும் தனியாகப் பறப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் 'இன்டல் செக்மென்டர்' வசதியைப் பயன்படுத்தும் லைப்ரரி 'நிலா'வை 2 என்றே எண்ணும். அந்த வசதி 2024-இல் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வந்துவிட்டதால் இனி சாக்கு இல்லை.

எடையைப் 'பண்டில்ஃபோபியா' தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக, பல சிறு ஃபங்ஷன்களின் தொகுப்பான லோடாஷை முழுதாக இழுத்தால் சுமார் 70 கேபி சேரும். இறக்குவதோடு முடிவதில்லை, பழைய போனில் பிரவுசர் அதைப் படித்து ஓடவைக்கவும் நேரம் ஆகும். தேவையான பகுதியை மட்டும் இம்போர்ட் செய்யும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: எம்ஐடி, அப்பாச்சி என்றால் பெரும்பாலும் சிக்கலில்லை. ஜிபிஎல் வகையென்றால் வாடிக்கையாளரிடம் பேசிவிட்டுத் தொடருங்கள். உரிமமே எழுதப்படாத நிரலைத் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் எடுத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது.

தேர்ந்தெடுத்த பிறகும் கவனம் வேண்டும். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பித் தரும் 'பாலிஃபில்' சேவையின் டொமைன் 2024 பிப்ரவரியில் கைமாறியது. ஜூனில், அந்த முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட்டை இழுத்துக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களின் பயனர்களுக்குத் தீய நிரல் போய்ச் சேர்ந்தது. பிரவுசருக்கு ஏற்றபடி வேறு வேறு கோப்பு தரும் சேவை என்பதால் கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்யும் 'இன்டெக்ரிட்டி' முத்திரை வைத்துப் பூட்டவும் அங்கே வழியில்லை. இந்தக் காரணத்துக்காகவே வெளியாள் சர்வரிலிருந்து நேராக ஸ்கிரிப்ட் இழுப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். 2025 செப்டம்பரில் 'சாக்', 'டீபக்' உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் தீய நிரல் நுழைந்தது. பராமரிப்பவரை ஒரு போலி மின்னஞ்சல் ஏமாற்றியிருந்தது. சேர்ந்து வாரம் 200 கோடி முறைக்கு மேல் இறக்கப்படும் பேக்கேஜ்கள் அவை. தீய பதிப்புகள் சில மணி நேரத்தில் நீக்கப்பட்டன. எந்தப் பதிப்பு என்று பூட்டிவைக்கும் லாக் கோப்பைக் கமிட் செய்து, அதில் உள்ளதை மட்டும் நிறுவும் 'என்பிஎம் சிஐ' மூலம் மட்டும் பில்ட் செய்து, புதிய பதிப்பு வந்தால் ஒரு வாரம் பொறுத்து ஏற்றும் வழக்கம் உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட தாக்குதலில் சிக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் அன்றே ஏற்றிவிட வேண்டும்.

எந்த லைப்ரரியையும் திட்டத்துக்குள் எல்லா இடத்திலும் நேரடியாக அழைக்க இப்போது விடுவதில்லை. தேதிக்கு ஒரே கோப்பு. மற்ற எல்லோரும் அந்தக் கோப்பிடம்தான் கேட்பார்கள். மொமென்ட்டிலிருந்து இன்னொரு தேதி லைப்ரரியான டேஜேஎஸுக்கு மாறியபோது, இந்த ஏற்பாடு இருந்த திட்டத்தில் ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. இன்னொரு பழைய திட்டத்தில் 64 கோப்புகளில் மொமென்ட் நேரடியாக இம்போர்ட் ஆகியிருந்தது. வாரத்துக்கு இரண்டு கோப்பு என்று மாற்றி வருகிறோம். இன்னும் 19 பாக்கி.