காசிமேட்டுக் கடல்மேல் தெரிந்த வெளிச்சம்

எம்.ஜி.ஆர். காலமான வருஷம், ஆனி மாசம், ராத்திரி மூணு மணி. சென்னை காசிமேட்டிலிருந்து பார்த்தால் கிழக்கே கடல்மேல் பளீரென்று ஒரு வெளிச்சம். துளி சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது, அப்புறம் தெற்கே நகர்ந்து சட்டென்று மங்கிவிட்டது. "பனை மர உயரம்தான் இருக்கும்" என்று ஒரு மீனவப் பெரியவர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். பறக்கும் தட்டா, விமானமா? இத்தனை வருஷம் கழித்து எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், கண் பார்த்ததையும் மனம் ஊகித்ததையும் பிரிக்க வேண்டும். திசை, நேரம், நிறம் எல்லாம் கண் பார்த்தவை. உயரம், பருமன், வேகம் மூன்றையும் சொல்லத் தூரம் தெரிய வேண்டும். இருட்டில் ஒற்றை விளக்கின் தூரத்தை விமானியால்கூடச் சொல்ல முடியாது. ஆகவே 'பனை மர உயரம்' கணக்கில் சேராது. அதனால் பெரியவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. அவரை அதே இடத்தில் நிற்கவைத்துக் கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீட்டிய கையில் ஒரு முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி; அடிவானத்திலிருந்து எவ்வளவு மேலே என்று அதை வைத்து அளக்கலாம். நட்சத்திரம் பார்த்துத் தொழிலுக்குப் போனவர் காட்டும் திசையை நான் முழுசாக நம்புவேன்.

அடுத்து விடிவெள்ளி. கோள்களின் இடத்தை எந்தத் தேதிக்கும் கணக்கிடலாம். 1987 ஆனியில் வெள்ளி சூரியனுக்குச் சற்று முன்னால்தான் உதித்தது. மூணு மணிக்கு வானத்திலேயே இல்லை. சரி, அது கழிந்தது.

இனி விமானம். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆனியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, என்பதால் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வருகிறவை பெரும்பாலும் கடல் பக்கமிருந்து, மேற்கு-தென்மேற்கு நோக்கி இறங்கும். அந்தப் பாதையைக் கடலுக்குள் நீட்டினால், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் அது காசிமேட்டுக்கு நேர் கிழக்கே போகிறது. அங்கே வரும் விமானம் கிட்டத்தட்ட நம்மை நோக்கியே வருவதால், தரையிறங்கும் விளக்கு முகத்தில் அடிக்கும். நகர்வது முதலில் தெரியாது. கிட்டே வர வர அது தெற்கே ஒதுங்கும். விளக்கின் ஒளிக்கற்றை குறுகலானது. பக்கவாட்டில் திரும்பியதும் நம் கண்ணுக்கு மங்கிவிடும். பெரியவர் சொன்ன அதே வரிசை.

சத்தம்? 25 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். தவிர, மேல்காற்றை எதிர்த்து வரும் ஒலி மேல்நோக்கி வளைந்து கரைக்கு எட்டாமலே போகும்.

ரகசிய விமானங்களும் இப்படி ஏமாற்றியிருக்கின்றன. அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் 1955இல் பறக்கத் தொடங்கியது. சுமார் 21 கிலோமீட்டர் உயரம் போகும். கீழே இருட்டிய பிறகும் அதன் வெள்ளி நிற உடல் வெயிலில் மின்னும். 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் வந்த தட்டுச் செய்திகளில் பாதிக்கு மேல் இத்தகைய விமானங்களே என்று சி.ஐ.ஏ.வின் ஆய்வு ஒன்று 1997இல் சொன்னது. அது மிகை என்று மறுப்பவர்களும் உண்டு.

வெயிலில் மின்னிய விமானம் என்ற விளக்கத்தை மறுப்பதற்கும் கணக்கு இருக்கிறது. சென்னையில் நேர் உச்சியில் 10 கிலோமீட்டர் உயரத்தில் போகும் விமானத்துக்கு, சூரியன் மறைந்து சுமார் 13 நிமிடம் வரை வெயில் கிடைக்கும். 21 கிலோமீட்டரில் சுமார் 19 நிமிடம். மறைந்து ஒரு மணி நேரம் கழித்து உச்சியில் மின்னியது என்று ஒருவர் சொன்னால் இந்த விளக்கம் செல்லாது. வேறு எதையாவதுதான் தேட வேண்டும்.