கிரெடென்ஷியல்: பாஸ்வேர்டா, பட்டயமா?

ராமநாதபுரத்தில் நான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தான். கத்தாரில் ஒரு கம்பெனிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும். பெயர், ஊர், பாஸ்போர்ட் எண் என்று பாதிவரை மளமளவென்று போனது. ஓரிடத்தில் ‘அப்லோடு யுவர் கிரெடென்ஷியல்ஸ்’ என்று வந்து நின்றது.

“பாஸ்வேர்டு கேக்குறான்ணே. அதை எதுக்கு அப்லோடு பண்ணணும்?” என்றான்.

சிரிப்பு வந்தது, ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. அந்தச் சொல்லை அவன் பார்த்த இடம் பேங்க் ஆப் ஒன்றுதான். பின் நம்பரைத் தப்பாகப் போட்டால் ‘இன்வேலிட் கிரெடென்ஷியல்ஸ்’ என்று சிவப்பில் வரும். “சர்டிபிகேட்டைக் கேக்குறான் தம்பி” என்று சொல்லிவிட்டு ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். சொன்னது முழுச்சரி இல்லை என்று அப்போதே உறுத்தியது. அதனால்தான் இந்தச் சொல் விளக்கம்.

கிரெடென்ஷியலின் வேர் லத்தீன். ‘கிரெடெரெ’ என்றால் நம்புதல். கடன் கொடுக்கிற ‘கிரெடிட்’டும் அதே வேர்தான்; ஆளை நம்பித்தானே கடன். இன்னும் பின்னால் போனால் ‘இதயத்தை ஒன்றின்மேல் வைத்தல்’ என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பியத் தொடர் ஒன்றில் போய் நிற்கிறது. அதே தொடரிலிருந்து வந்ததுதான் சமஸ்கிருதத்தின் ‘சிரத்தா’. அது தமிழில் ‘சிரத்தை’ ஆயிற்று. “சிரத்தையாப் படிடா” என்று வாத்தியார் சொன்னதும், கத்தார்க்காரன் கேட்கும் கிரெடென்ஷியலும் பங்காளிகள்.

ஆங்கிலத்தில் இது முதலில் தூதர்கள் கையில் இருந்த சொல். ‘இவர் என் ஆள், இவர் சொல்வதை நம்பலாம்’ என்று ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவருக்குக் கொடுத்தனுப்பும் கடிதம். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளில் இதற்கு நல்ல சொல் புழங்குகிறது: நற்சான்றுப் பத்திரம். புதிய தூதுவர் வந்து ஜனாதிபதியிடம் நற்சான்றுப் பத்திரத்தைக் கையளித்தார் என்று எழுதுவார்கள். நாம் அதை எடுத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் வரும் கிரெடென்ஷியலுக்கு ‘நுழைவு விவரம்’ போதும். மீதி இருப்பது படிப்பு, வேலை சம்பந்தப்பட்ட மூன்றாவது பொருள். சிக்கலெல்லாம் அதில்தான்.

சர்டிபிகேட் என்பது ஒரு தாள். லத்தீனில் ‘உறுதியாக்குவது’ என்று பொருள், தமிழில் சான்றிதழ். கிரெடென்ஷியல் அதைவிட அகலமானது. பட்டம், பட்டயம், ஐடிஐ சான்றிதழ், டிரைவிங் லைசென்ஸ், நர்சிங் கவுன்சில் பதிவு, ஆன்லைனில் வாங்கும் பேட்ஜ் என ‘இந்த ஆள் இந்த வேலைக்கு ஆவான்’ என்று மூன்றாம் மனிதர் ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லும் எல்லாமே இதற்குள் வரும். என் தேர்வு ‘தகுதிச்சான்று’. தகுதி ஆளிடம் இருப்பது, சான்று அதற்கு வெளியே நின்று பேசுவது. ‘கல்வித்தகுதி’ என்று தலைப்புப் போட்டுவிட்டுக் கீழே சான்றிதழின் பெயரை நிரப்பச் சொல்கிற படிவங்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன.

‘சான்று’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘சால்’ என்ற வினையடியிலிருந்து வந்தது என்பார்கள். சாலுதல் என்றால் நிறைதல், போதுமானதாக இருத்தல். சால்பு, சான்றோன் எல்லாம் அந்தக் கிளை. சாட்சிக்கு நம் பழைய சொல் ‘கரி’. இரண்டும் ஒரே அடியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது 25ஆம் குறளில்: ‘இந்திரனே சாலுங் கரி’. இந்திரனே போதுமான சாட்சி என்று பொருள். வடமொழிச் ‘சாட்சி’ கண்ணால் கண்டவரைக் குறிக்கும். ‘சான்று’ அப்படிப் பார்க்கச் சொல்லவில்லை, அது போதுமா என்று கேட்கச் சொல்கிறது. ஒரு தாளைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது: சாலுமா, சாலாதா?

(கரியிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. பூம்புகார்ச் சதுக்கத்தில் நின்ற பூதம் யார் யாரைப் பிடித்துத் தின்றது என்று சிலப்பதிகாரம் சொல்லும் வரிசையில் ‘பொய்க்கரியாளர்’ உண்டு. போலிச் சான்றிதழ் அடித்து விற்பவர்களுக்கு அந்தப் பெயரையே வைத்துவிடலாம்.)

பையனின் ஃபைலுக்கு வருகிறேன். ஸ்கேனர் கண்ணாடியில் முதலில் வைத்தது ஐடிஐ ஃபிட்டர் படித்த தேசியத் தொழிற்சான்றிதழ். சாதா அச்சு. தொழிற்பிரிவின் பெயர், படித்த காலம், சரிபார்க்க ஒரு க்யூஆர் கட்டம். அடுத்தது ஒரு தனியார் பயிற்சி மையம் கொடுத்தது, பெயர் வேண்டாம். கெட்டி அட்டை, பொன்னிறக் கரை, மூலையில் மினுக்கும் ஹாலோகிராம், நடுவில் கொட்டை எழுத்தில் ‘டிப்ளமோ’, கீழே ஏசி, ரெஃப்ரிஜிரேஷன். ஏ4 கண்ணாடியில் அடங்காமல் கரை வெளியே நின்றது. எத்தனை மணி நேரம் படித்தான், என்ன செய்யப் பழகினான், யார் சோதித்தார்கள், எந்த நிலை என்று ஒரு வரி இல்லை.

“இது எத்தனை நாள்?”

“மூணு மாசம்ணே. காலைல மட்டும் நாலு மணி நேரம்.”

படிப்பை மணிக்கணக்கில் அளந்து ‘கிரெடிட்’ என்ற அலகில் சொல்லும் தேசிய கிரெடிட் சட்டகம் 2023இல் வந்தது. அதன் கணக்கு எளிது: 30 மணி நேரப் படிப்புக்கு 1 கிரெடிட், ஓர் ஆண்டுக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். அதை வைத்துப் பக்கத்திலிருந்த பழைய பில்லின் பின்னால் போட்டுப் பார்த்தோம். ஐடிஐ 2 வருஷத்துக்கு ஆண்டுக்கு 1200 மணி என்று வைத்தால் 80 கிரெடிட். அந்த மூன்று மாதத்தில் லீவு போக 75 நாள், நாளுக்கு 4 மணி, மொத்தம் 300 மணி. 10 கிரெடிட். பெரிய அட்டையில் இருப்பது பத்து, சின்னத் தாளில் இருப்பது எண்பது. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மூன்று மாதத்தில் அவன் நிஜமாகவே கேஸ் ஃபில்லிங்கும் (ஏசிக்கு வாயு நிரப்புவது) பிரேஸிங்கும் (குழாய்களைச் சூடாக்கிப் பற்றவைப்பது) பழகியிருக்கிறான். அதையும் அந்த அட்டை சொல்லவில்லை. கூட்டிக் காட்டியது ஒரு பக்கம், குறைத்துக் காட்டியது இன்னொரு பக்கம்.

இத்தனைக்கும் ‘டிப்ளமோ’ என்பது கிரேக்கத்தில் ‘இரண்டாக மடித்தது’ என்றுதான் பொருள். ரோமானியப் படையில் பணிமுடித்த, ரோமானியக் குடியுரிமை இல்லாத வீரர்களுக்கு இரண்டு வெண்கலத் தகடுகளைச் சேர்த்துக் கட்டி, ஏழு சாட்சிகளின் பெயரும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் அவற்றை டிப்ளமோ என்றே அழைக்கிறார்கள். தமிழில் நாம் டிப்ளமோவுக்குப் ‘பட்டயம்’ என்று வைத்தோம். யார் யோசித்தாரோ, அபாரமான தேர்வு. பட்டயமும் தகடுதான், செப்புத் தகடு.

சேதுபதிகளின் சீமையில் பட்டயம் என்றால் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயிலுக்கும் மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் சேதுபதி மன்னர்கள் கொடுத்த செப்புப் பட்டயங்களைப் படித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். சக ஆண்டு, தமிழ் ஆண்டு, மாதம், நாள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார். எந்த ஊர். அப்புறம் நான்கெல்லை: கிழக்கே எதற்கு மேற்கு, தெற்கே எதற்கு வடக்கு என்று கண்மாய், வரப்பு, பாதை பெயரோடு. சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்று காலம். எழுதியவர் பெயர். இதைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்தில் போவான் என்று சாபம். சாபத்தை விட்டுவிடலாம், அதற்கு இப்போது சட்டம் இருக்கிறது. ஆனால் எல்லை? மூன்று மாதப் பட்டயம் ஒன்றில் ‘இதுவரை தெரியும், இதற்கு மேல் தெரியாது’ என்று நான்கெல்லை போட்டுக் கொடுத்த மையத்தை என் கடைக்கு வரும் ஃபைல்களில் நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் கரையில் இன்னொரு சொல்லும் உண்டு: சனது. அரபியில் ‘ஸனத்’ என்றால் சாய்ந்துகொள்ளும் ஆதாரம். மதரஸாவில் ஓதி முடித்த ஆலிம்களுக்கு, அதாவது மார்க்க அறிஞர்களுக்குக் கொடுப்பதும் ஸனதுதான். நபிமொழிகளான ஹதீஸ் மரபில் இந்தச் சொல்லுக்கு, யாரிடமிருந்து யார் கேட்டு, அவரிடமிருந்து யார் கேட்டு வந்தது என்கிற ஆள் சங்கிலி என்று பொருள். வெறும் பட்டப் பெயரை விட அந்தச் சங்கிலிக்குக் கனம் அதிகம். படிப்பில்லாத இடத்திலும் இது வேலை செய்கிறது. பையனின் அப்பா விசைப்படகு டிரைவர். அவரிடம் ஒரு தாளும் கிடையாது. புதுப் படகுக்கு ஆள் எடுக்கும்போது முதலாளி கேட்பது “யாருகிட்டத் தொழில் பழகுன?” என்பதைத்தான். அதுவும் ஸனதுதான். குறையும் அங்கேதான்: பாம்பனில் அந்தப் பெயர் சாலும், கத்தாரின் தோஹாவில் சாலாது. இப்படிப் பழகிய தொழிலைச் சோதித்துத் தாள் கொடுக்கும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டங்களில் இருக்கிறது. அதற்குத் தமிழில் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்கிறார்கள். ‘பழகிய தொழிலுக்குச் சான்று’ என்றால் அவருக்கே புரியும்.

தாளும் எல்லையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் கப்பல் வேலை. ‘மாலுமி’ என்ற சொல்லே அரபி ‘முஅல்லிம்’, அதாவது கற்பிப்பவர், விஷயம் தெரிந்தவர். கப்பல்காரர்களின் பயிற்சி, சான்றளிப்புக்கு 1978இல் ஓர் உலக உடன்படிக்கை வந்தது. அதன்படி கொடுக்கும் சான்றிதழில் என்னென்ன பணி, எந்த நிலை, என்னென்ன கட்டுப்பாடு, எந்தத் தேதிவரை செல்லும் என்று தனித்தனிக் கட்டங்கள். நிலை மூன்றே: நிர்வாகம், இயக்கம், துணை. சென்னையில் வாங்கிய தாளை ராட்டர்டாமில் ஒருவர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார். நான்கெல்லை என்று நான் சொன்னது இதைத்தான். கடலில் தப்பு நடந்தால் கப்பல் மூழ்கும். அதனால் அங்கே ஒழுங்கு வந்தது. கரையில் மூழ்குவது பையனின் அப்பா வட்டிக்கு வாங்கிய காசு மட்டும்தானே.

கரையில் முயற்சி இல்லாமல் இல்லை. படிப்பையும் திறனையும் ஒப்பிட ஐரோப்பா 2008இல் எட்டு நிலைகள் வைத்தது. இந்தியா 2013இல் தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தைப் பத்து நிலைகளோடு கொண்டுவந்து 2023இல் எட்டாகச் சுருக்கியது. அமெரிக்காவில் கிரெடென்ஷியல் எஞ்சின் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2022இல் எண்ணிப் பார்த்ததில், அந்த ஒரு நாட்டில் மட்டும் 10,76,358 வகைத் தகுதிச்சான்றுகள் இருந்தன. செலவு எவ்வளவு, எத்தனை காலம், என்ன திறன், எந்த வேலை என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கட்டங்களில் எழுதவைத்து, கம்ப்யூட்டரே ஒப்பிடும்படி செய்வதுதான் அவர்கள் வேலை.

இதிலிருந்து கடைசியாக ஒரு சொற்சண்டை. ‘ஒப்பானது’ வேறு, ‘இணையானது’ வேறு. நம் ஊரில் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் பிள்ளைகள் மாட்டுவது இரண்டாவதில். படித்த பட்டம், கேட்ட பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். பெயரில் ஒரு சொல் மாறியிருந்தாலும் அரசாணையைத் தேடி அலைய வேண்டும். இணை என்பது அதிகாரி சொல்வது. ஒப்பீடு என்பது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது, தாளில் விவரம் இருந்தால். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத வரைக்கும் இணைக்கு அரசாணை போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அன்று நாங்கள் செய்தது சின்ன வேலை. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பத்தி. தலைப்பில், பையன் கேட்டதால், ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் ‘தகுதிச்சான்று விவரம்’ என்று தமிழிலும் அடித்தேன். ஐடிஐக்குக் கீழே பிரிவு, ஆண்டு, மணி நேரம். டிப்ளமோவுக்குக் கீழே 300 மணி நேரம், பழகிய ஆறு வேலைகள், பழகாதது என்று சென்ட்ரல் ஏசி. “தெரியாததையும் போடணுமாண்ணே?” என்று இழுத்தான். போடு என்றேன். இரண்டு சான்றிதழையும் இந்தத் தாளையும் சேர்த்து ஏற்றினோம்.

அடுத்த பக்கம் திறந்தது. ‘கிரியேட் லாகின் கிரெடென்ஷியல்ஸ்’. பையன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “இது அதுதாண்ணே, அந்தப் பக்கம் பாருங்க” என்றான்.