லாஞ்ச் – பாய்ச்சல்

நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் டிராக் (drag) பந்தயத்தில் 'லாஞ்ச்' என்பது, தொடக்கக் கோட்டில் நிற்கும் கார் விளக்கைப் பார்த்துக் கிளம்பும் முதல் ஓரிரு நொடி. பந்தயத் தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. ஆனாலும் ஓட்டியவர், ஓட்டத்தின் நேரங்கள் அச்சிட்ட நேரச்சீட்டை வாங்கியதும் முதலில் தேடுவது 60 அடி நேரத்தை, அதாவது முதல் 60 அடியைக் கடக்க ஆன நேரத்தைத்தான். அங்கே நழுவவிட்ட நேரம் போகப்போக வளருமே தவிரக் குறையாது.

சொல்லின் வேர் ஈட்டி. லத்தீனில் 'லான்சியா' என்றால் ஈட்டி. பழைய பிரெஞ்சு வழியாக 'எறி, வீசு' என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குப் போனது. அப்புறம் கப்பலை நீரில் இறக்கவும் ராக்கெட்டை விடவும் பயன்பட்டு, காருக்கும் வந்துவிட்டது. (நம் துறைமுகங்களில் படகை 'லாஞ்ச்' என்கிறார்களே, அது வேறு. அதன் வேர் மலாய் மொழியில், போர்த்துகீசியர் எடுத்துப்போனது.)

தமிழில்? ராக்கெட்டுக்கு 'ஏவுதல்' சரி; ஏவியவர் தரையிலேயே நின்றுவிடுகிறார். இங்கே ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். 'பிக்கப்' என்பது என்ஜினின் குணம், ஓட்டுகிறவரின் வேலை அல்ல. 'புறப்பாடு' என்றால் சாமி ஊர்வலம்தான் நினைவுக்கு வருகிறது.

என் ஓட்டு 'பாய்ச்சலுக்கு'. புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். 1965-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று கோட்டிலிருந்து கிளம்புவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், அதேதான்: மூக்கு தூக்கும், பின்பக்கம் அமுங்கும். அந்த அமுக்கத்தில்தான் எடை பின் டயர்களில் இறங்கிப் பிடிப்பு கிடைக்கிறது. சாலை டயர் போட்ட பழைய காரில் எடுத்த எடுப்பில் முழுசாக மிதித்தால், டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைவிடும். பின் அச்சைத் தாங்கும் பட்டை வில்லான லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பின் அச்சு குதிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பின் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவைப்பார்கள். என்ஜினை அளவாக முறுக்கி, கிளட்சை விட்டு, கார் நகரத் தொடங்கிய பிறகே ஆக்சிலரேட்டரைப் படிப்படியாக அழுத்துவார்கள். பந்தய டயரை நனைத்துச் சுழற்றிச் சூடாக்கத் தேக்கிவைத்திருக்கும் தண்ணீரையும் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். சாலை டயரின் பள்ளங்கள் அந்தத் தண்ணீரைச் சுமந்துவந்து கோட்டிலேயே கொட்டிவிடுமே! ஈட்டி எறிகிற ஆவேசம் இங்கே உதவாது.

'நாலுகால் பாய்ச்சல்' என்று சொல்லவும் ஆசைதான். மஸ்டாங் என்பதே காட்டுக்குதிரையின் பெயர். ஆனால் இதில் உதைப்பவை பின்கால் இரண்டு மட்டுமே.