வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு பகா எண்

ஒரு நிறுவனத்தின் பழைய தரவுத்தளத்தைப் புதியதற்கு மாற்றும் பணியில், பெயரும் முகவரியும் வெவ்வேறாக இருந்த நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே கைபேசி எண் பதிவாகியிருந்தது: 2147483647. யாரோ ஒரு முகவர் தன் எண்ணையே எல்லோருக்கும் தட்டியிருக்கிறார் என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள்.

அது 2³¹ − 1. கூட்டல், கழித்தல் குறிக்கு ஒரு பிட் போக, 32 பிட் முழு எண் புலத்தில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு. இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில் தொடங்குவதால் அனைத்தும் இதைவிடப் பெரியவை. மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில், வரம்பு மீறிய மதிப்பை ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைக்கப்பட்டிருந்தால், அது பிழை காட்டி நிறுத்தாமல், ஓர் எச்சரிக்கையை மட்டும் விடுத்து, எண்ணை இந்த வரம்புக்கு வெட்டிச் சேமித்துவிடும். வெட்டுப்பட்ட எண்ணை மீட்க வழியில்லை. கூட்டிக் கழிக்கப் போவதில்லையே, தொலைபேசி எண்ணை எழுத்துப் புலத்தில் வைத்தால் போதும்.

இந்த எண் பகா எண் என்பதை 1772-இல், பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்த நிலையில், கணிதவியலாளர் ஆய்லர் நிறுவினார். இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 46,340. அதற்குட்பட்ட பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல். ஆனால் 31-உம் பகா எண் என்பதால், இதற்கு வகு எண் ஏதேனும் இருந்தால் அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும், 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 1,300-க்குள் அப்படிப்பட்டது 311 ஒன்றுதான்!

பகா எண் என்பதால்தான் கணினி இதைத் தேர்ந்துகொண்டது என்று இளைய பொறியாளர்கள் சிலர் நம்புகிறார்கள். அது தற்செயலே. 16 பிட் வரம்பான 32767-உம், 64 பிட் வரம்பான 9223372036854775807-உம் 7-ஆல் மீதியின்றி வகுபடும்.

பகாத்தன்மை உண்மையிலேயே வேலை செய்யும் இடம் வேறு: குலுக்கிப் போட்டதுபோல் தோன்றும் எண்களைக் கணினியில் உருவாக்குவது. ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளும் முறையை 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று நீண்டு, 2147483646 வரையிலான ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒருமுறை தொட்ட பிறகே வரிசை தொடக்கத்துக்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த முழுச் சுற்று கிடைக்காது.

உருவகப்படுத்தல்களுக்கு இது ஓரளவு போதுமானது. ஓடிபிக்கு ஒருபோதும் ஆகாது. 282475249-ஐப் பார்த்தவர் அடுத்த எண்ணைக் கணிப்பானிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆறு இலக்கமாகச் சுருக்கிக் காட்டினாலும், தொடர்ந்து வந்த சில குறியீடுகள் கிடைத்தால், இருநூற்றுச் சொச்சம் கோடி தொடக்கங்களையும் சாதாரண மடிக்கணினியே சலித்துவிடும். ஓடிபிக்கான எண்ணை இயங்குதளம் தரும், யாராலும் ஊகிக்க முடியாத மறையீட்டுத் தர எண் மூலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.