ரிசீவர் மாட்யூலை நேராகச் செல்லில் இணைக்காதீர்கள்

வயர்லெஸ் சார்ஜிங் ரிசீவரின் 5 வோல்ட் வயர்களை நேரடியாக லித்தியம் செல்லில் சால்டர் செய்துவிட்டு, "சார்ஜ் நல்லாத்தான் ஏறுச்சு, திடீர்னு செல் உப்பிடுச்சு" என்று சொல்பவர்கள் குறைந்தபாடில்லை. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அந்தச் செல் கெட்டுக்கொண்டுதான் இருந்தது.

ரிசீவர் மாட்யூல் என்பது சார்ஜர் அல்ல. சுவரில் மாட்டும் அடாப்டர் செய்யும் வேலையைத்தான் வயர் இல்லாமல் அது செய்கிறது. அடாப்டரை யாராவது செல்லின் முனையில் நேராக வைப்பார்களா? சாதாரண லித்தியம் அயான் செல்லுக்கு முதலில் நிலையான மின்னோட்டம், 4.2 வோல்ட்டைத் தொட்டதும் நிலையான மின்னழுத்தம், மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் முழு நிறுத்தம். இந்த மூன்றையும் செய்வதுதான் சார்ஜர்.

"நடுவில் ஒரு டையோடு போட்டேன், 5 வோல்ட்டில் அதில் விழும் 0.7 போக 4.3தானே" என்ற சமாதானம்தான் ரொம்பவும் வேதனையானது. முதலில், 4.3 வோல்ட்டே அதிகம். அடுத்து, அந்த 0.7 நிலையான எண் அல்ல. 1 ஆம்பியர் ஓடும்போது டையோடில் 0.9 வோல்ட் வரை விழும். செல் நிறைய நிறைய மின்னோட்டம் குறைந்து, அது 0.6க்கும் கீழே போகும். அதாவது செல் நிறையும் நேரத்தில்தான் மின்னழுத்தம் 4.4ஐத் தாண்டுகிறது. நிறுத்துவதற்கும் ஆள் இல்லை. "புரொடெக்‌ஷன் போர்டு இருக்கிறதே" என்பீர்கள். அது 4.3 வோல்ட் வாக்கில் வெட்டும் கடைசித் தடுப்பு. தினமும் அதில் மோதி நிற்கும்படி வடிவமைப்பது தவறு.

ஆகவே ரிசீவருக்கும் செல்லுக்கும் நடுவே டிபி4056 போன்ற சார்ஜர் ஐசி கட்டாயம். கடையில் கிடைக்கும் போர்டில் சார்ஜ் மின்னோட்டத்தை நிர்ணயிக்க 1.2 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும். அது 1 ஆம்பியருக்கானது. மூடிய பெட்டிக்குள் அது வேண்டாம். செல் 3 வோல்ட்டில் இருந்தால் ஐசி மட்டுமே 2 வாட் சூட்டைக் கக்கும், அதுவும் செல்லுக்குப் பக்கத்திலேயே. 2 கிலோஓமாக மாற்றினால் சுமார் 580 மில்லிஆம்பியர்; சூடு ஏறக்குறைய பாதியாகும். செல்லின் டேட்டாஷீட் அதற்கும் குறைவாகக் கேட்டால் இன்னும் குறையுங்கள். இந்தப் போர்டுகளில் ஐசியின் வெப்பநிலை பார்க்கும் முதல் காலை (பின் 1) கிரவுண்டில் கட்டியிருப்பார்கள். அதைப் பிரித்து, செல்லின் மேல் ஒட்டிய 10 கிலோஓம் தெர்மிஸ்டரை (சூட்டுக்கேற்ப மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) ரெசிஸ்டர் டிவைடரோடு இணையுங்கள். 0 டிகிரிக்குக் கீழும் 45 டிகிரிக்கு மேலும் சார்ஜ் ஏறக் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்கு இந்த ஐசி ஆகவே ஆகாது, அதன் எல்லை 3.65 வோல்ட்.

அடுத்து ரிசீவரின் காயில். செல்லின் உலோக உறை காயிலின் காந்தப்புலத்தில் சுழல் மின்னோட்டம் எடுத்துத் தானே சூடாகும். பெட்டிச் சுவர், காயில், காந்தப்புலத்தைச் செல் பக்கம் விடாமல் தடுக்கும் ஃபெரைட் தகடு, பிறகு செல் என்ற வரிசை மாறக் கூடாது. ஃபெரைட் காயிலைவிடச் சுற்றிலும் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். ஃபெரைட்டும் செல்லும் பொருத்திய பிறகு காயிலின் இண்டக்டன்ஸ் மாறிவிடும். பலர் தனிக் காயிலை அளந்து, அதோடு ஒத்ததிர்வுக்கான கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டு, பவர் வரவில்லை என்கிறார்கள். எல்லாவற்றையும் இடத்தில் வைத்து, 100 கிலோஹெர்ட்ஸில் அளந்து, அப்புறம் கணக்கிடுங்கள். 14 மைக்ரோஹென்றி வந்தால், 100 கிலோஹெர்ட்ஸ் ஒத்ததிர்வுக்கு சுமார் 180 நானோஃபாரட். அதுவும் மின்னழுத்தத்தால் மதிப்பு மாறாத சி0ஜி (C0G) வகை செராமிக் கெப்பாசிட்டர். எக்ஸ்7ஆர் (X7R) வகை போட்டால் மின்னழுத்தம் ஏறும்போது மதிப்பு சரிந்து, சுருதி கலைந்து, கெப்பாசிட்டரே சுடும்.

அனுப்பும் பக்கத்துக்கு, 'ச்சீ' (Qi) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரச் சான்று பெற்ற பேடையே தயவுசெய்து வாங்குங்கள். அதில் ரிசீவர் திரும்பப் பேசும். நாணயமோ சாவியோ நடுவில் இருந்தால் கண்டறிந்து பவரை நிறுத்தும். விலை மலிந்த காயில் ஜோடிகள் எதிரே இருப்பது போனா, சாவிக்கொத்தா என்று தெரியாமலே ஆற்றலைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

முதல் முறை சார்ஜ் போடும்போது படுக்கையறை வேண்டாம், இரவில் விட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். பெட்டியை மூடியே சோதியுங்கள், திறந்து வைத்து எடுத்த வெப்பநிலை எதற்கும் உதவாது. காயிலுக்கும் செல்லுக்கும் நடுவே தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை அளக்கும் வயரை வைத்து, தரைக் கல்லின் மேல், காலிச் செல்லிலிருந்து நிறையும் வரை பாருங்கள். உப்பிய செல்லைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், திரும்பச் சார்ஜ் போட்டும் பார்க்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.