எப்ரோ டெல்டாவுக்குத் தண்ணீர் மட்டும் போதாது

ஸ்பெயினின் வடகிழக்கில், கட்டலோனியாவின் தென்கோடியில், எப்ரோ ஆறு மத்தியதரைக் கடலில் கலக்கும் இடத்தை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். கரையிலிருந்து கடலுக்குள் துருத்திக்கொண்டு ஒரு நிலம் தெரியும். சுமார் 320 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி நெல் வயல், மிச்சம் உப்பங்கழிகள், நாணல் காடு, மணல் திட்டுகள். இதில் ஏறத்தாழ பாதி நிலம் கடல் மட்டத்துக்கு மேலே அரை மீட்டர் உயரம்கூட இல்லை. இந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கடல் மட்டம் உயர்வதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் ஆற்றோடு நூறு கிலோமீட்டருக்கு மேலே போனால் இருக்கிறது.

முதலில் இந்த நிலம் எப்படி உண்டானது என்று பார்ப்போம். எப்ரோ 930 கிலோமீட்டர் ஓடும் ஆறு, சுமார் 85,000 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழையும் பனியும் அதில் வந்து சேர்கின்றன. பிரனீஸ் மலைகளிலிருந்து வரும் செக்ரே, சிங்கா போன்ற துணையாறுகள் மலையை அரித்து மண்ணைக் கொண்டுவரும். ஆறு கடலைத் தொட்டதும் வேகம் குறைகிறது, கனமான மணல் உடனே படிகிறது. களிமண் துகள்கள் அப்படியல்ல, அவை மிக நுண்ணியவை. எல்லாத் துகள்களின் மேல்பரப்பிலும் ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே வரும். கடல்நீரில் இருக்கும் உப்பு அந்தத் தள்ளுவிசையை அடக்கிவிடுகிறது, துகள்கள் ஒட்டித் திரண்டு கீழே இறங்குகின்றன. மத்தியதரைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் இருபது சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் படிந்ததை அள்ளிப்போக வலுவான ஓத நீரோட்டம் கிடையாது. அலைகள் மட்டும் மணலைக் கரையோரமாகத் தள்ளித் தள்ளி இரண்டு கைகளை உருவாக்கின: வடக்கே ஃபங்கார் முனை, தெற்கே பான்யா முனை. இந்தக் கைகள் வளைத்துப் பிடித்திருக்கும் கடல்தான் ஃபங்கார், அல்ஃபாக்ஸ் என்ற இரண்டு விரிகுடாக்கள். நிலம் மட்டுமல்ல, விரிகுடாவும் ஆறு கொண்டுவந்த மண்ணால் ஆனது.

ஒருமுறை உண்டாகிவிட்டால் டெல்டா அப்படியே இருந்துவிடாது. ஈரக் களிமண் தன் எடையாலேயே இறுகும், நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கீழே போகும். ஒவ்வொரு வெள்ளத்திலும் மேலே புது வண்டல் படிந்தால்தான் அது ஈடாகும்.

அந்த வண்டல்தான் நின்றுபோனது. 1960-களில் மெக்கினென்சா, ரிபா-ரோஜா என்று இரண்டு பெரிய அணைகள் கட்டப்பட்டன. மெக்கினென்சா மட்டும் 150 கோடி கன மீட்டர் தண்ணீரைத் தேக்கக்கூடியது. தேங்கிய தண்ணீரில் மண் கீழே போய்விடும், அணையைத் தாண்டி வருவது தெளிந்த நீர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு கடலுக்குக் கொண்டுபோன வண்டலில் 99 சதவீதம் இன்று வருவதில்லை.

மண் வருவது நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அணைகளுக்கு முன்பே ஒரு சாட்சி உண்டு. ஆற்று முகத்தில் இருக்கும் பூடா தீவில் 1864-ல் ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரமான ஓர் இரும்புக் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். 1937 வெள்ளத்தில் ஆறு வடக்குப் பக்கம் புது முகத்துவாரத்தைத் திறந்துகொண்டது. பழைய முனைக்கு மணல் வரவில்லை, அலை அரித்துக்கொண்டே வந்தது, 1961-ல் கலங்கரை விளக்கம் கடலில் விழுந்தது. அன்று ஒரு முனைக்கு நடந்தது, இப்போது முழு டெல்டாவுக்கும் நடக்கிறது.

சரி, தெளிந்த தண்ணீர் வருவது நல்லதுதானே என்று கேட்கலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பால் 1990-களிலிருந்து ஆற்றில் பாசியைப் பெருக்கும் பாஸ்பரஸ் குறைந்தது, அது உண்மையான வெற்றி. ஆனால் அணைகளில் மண்ணும் நின்று, 2001-ல் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி என்ற அந்நிய உயிரி தண்ணீரை வடிகட்டவும் தொடங்கியபின், வெயில் ஆற்றின் அடிவரை போய் நீர்த்தாவரங்கள் காடாக வளர்ந்தன. கரிய ஈக்கள் அந்தச் செடிகளில் பெருகி ஊர்மக்களைக் கடித்துத் தொல்லை செய்தன. அதனால் 2002 முதல் அணைகளிலிருந்து அவ்வப்போது செயற்கை வெள்ளம் திறந்துவிட்டுச் செடிகளைப் பிடுங்குகிறார்கள். மண் இல்லாத வெள்ளம் என்பதால் அது டெல்டாவுக்கு எதையும் கொண்டுவருவதில்லை.

அப்புறம் கழிமுகத்தின் இன்னொரு சங்கதி, உப்புநீர் ஆப்பு. ஓதம் வலுவாக உள்ள கடல்களில் நன்னீரும் உப்புநீரும் கலந்துவிடும். எப்ரோவில் அப்படிக் கலக்குவதற்கு விசை இல்லை. கடல்நீர் கனமானது என்பதால் ஆற்றின் அடியில் ஆப்பு வடிவில் நுழைகிறது, ஆற்று நீர் அதன் மேலே தனி அடுக்காகக் கடலுக்குப் போகிறது. ஆற்றில் விநாடிக்குச் சுமார் 400 கன மீட்டருக்கு மேல் ஓடினால் ஆப்பு வெளியே தள்ளப்படும். அதற்குக் கீழே குறையக் குறைய உள்ளே ஏறும், 100-க்கும் கீழே போனால் முப்பது கிலோமீட்டர் தள்ளி அம்போஸ்டா ஊர் வரை வந்துவிடும். அடியில் மாட்டிக்கொண்ட உப்புநீருக்கு மேலிருந்து புதுக் காற்று கிடைக்காது. மேலடுக்கில் செத்து விழும் பாசிகளை நுண்ணுயிர்கள் தின்னும்போது இருக்கிற ஆக்சிஜனும் தீர்ந்துபோகும்.

விரிகுடாக்களிலும் இதே இரண்டு அடுக்கு இயக்கம்தான், ஆனால் அங்கே நன்னீர் வருவது நெல் வயல்களிலிருந்து. சுமார் 20,000 ஹெக்டேர் நெல், ஏப்ரலில் வாய்க்கால் திறந்ததும் வயல் நிரம்பும், வடிகால் வழியே உரச்சத்தோடு விரிகுடாவுக்குப் போகும். அந்தச் சத்தில் மிதவை நுண்ணுயிர்கள் பெருகும், மரச்சட்டங்களிலிருந்து தொங்கும் கயிறுகளில் வளர்க்கப்படும் மட்டிகள் அவற்றைத் தின்னும். ஆழம் சில மீட்டர்தான் என்பதால் வெயில்காலத்தில் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டிவிட்டால் மட்டிகள் கூட்டமாகச் சாகின்றன.

அல்ஃபாக்ஸ் விரிகுடாவை நான் முக்கியமாக நினைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மத்தியதரைக் கடலுக்கே உரிய பின்னா என்ற பேருருச் சிப்பி, ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. 2016 முதல் ஓர் ஒட்டுண்ணி ஸ்பெயின் கடல் முழுக்க அதை அழித்துவிட்டது. 2019-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அது உயிரோடு எஞ்சிய மிகச் சில இடங்களில் அல்ஃபாக்ஸும் ஒன்று, ஏனென்றால் உப்பு குறைந்த நீரில் அந்த ஒட்டுண்ணியால் சரியாகப் பரவ முடிவதில்லை. அதாவது நெல் வயலின் வடிகால் நீர் ஓர் இனத்துக்குக் காவலாக நிற்கிறது! 2023 வறட்சியில் பாசன நீரைப் பாதியாகக் குறைத்தபோது விவசாயிக்கு மட்டும் கவலை என்று யாரும் நினைத்திருந்தால், அவர்கள் விரிகுடாவைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

2020 ஜனவரியில் குளோரியா புயல் வந்தது. பான்யா முனையை நிலத்தோடு இணைக்கும் திராபுகாடோர் மணல் பட்டை உடைந்தது, கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே புகுந்து சுமார் 3,000 ஹெக்டேர் நெல் வயல்களை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு மணல் கொட்டிச் சரிசெய்தார்கள், அடுத்தடுத்த புயல்கள் மறுபடி அரித்தன. கரையோரம் மணல் கொட்டுவதை நான் எதிர்க்கவில்லை, அங்கே வாழ்பவர்களுக்கு இன்று பாதுகாப்பு வேண்டும். ஆனால் அரை மீட்டர் உயர வயலை உள்ளிருந்து உயர்த்த வண்டலைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்கு முயற்சி நடக்காமல் இல்லை. 2001-ல் ஸ்பெயின் அரசு எப்ரோவிலிருந்து ஆண்டுக்கு 105 கோடி கன மீட்டர் தண்ணீரை மற்ற பகுதிகளுக்குத் திருப்பத் திட்டமிட்டபோது, டெல்டா மக்களும் அவர்களை ஆதரித்தவர்களும் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள், முடிச்சுப் போட்ட குழாய்தான் அவர்களுடைய சின்னம். 2004-ல் திட்டம் கைவிடப்பட்டது. அதே இயக்கம் இப்போது தண்ணீரோடு வண்டலையும் கேட்கிறது. 2014 முதல் 2018 வரை ஐரோப்பிய யூனியன் நிதியில் ஒரு சோதனை நடந்தது: குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிரித்தெடுக்கப்படும் சேற்றைப் பாசன வாய்க்காலில் கலந்து வயலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நூறாண்டுக்கு மேலாகத் தண்ணீரைப் பரப்பும் வாய்க்கால்கள், மண்ணையும் பரப்பட்டும் என்பது எளிய, நல்ல யோசனை.

ஆனால் அளவு போதாது, அணைக்குப் பின்னால் இருக்கும் மண்ணைத் தொட்டாக வேண்டும். மெக்கினென்சாவில் தேங்கியதை இறக்கினால் அது ரிபா-ரோஜாவில் சிக்கும். அதையும் தாண்டினால் ஃபிலிக்ஸ் என்ற மூன்றாவது தேக்கம். அங்கே ஒரு வேதியியல் ஆலை பல பத்தாண்டுகளாகக் கொட்டிய பாதரசமும் பூச்சிக்கொல்லி எச்சங்களும் கலந்த சேறு கிடந்தது, 2013-ல்தான் அள்ளத் தொடங்கினார்கள். மண்ணை ஆற்றில் விடலாம் என்றதும் கீழே குடிநீர் எடுக்கும் ஊர்கள் பயப்படுவது இதனால்தான், அந்தப் பயம் நியாயமானது. எந்த இடத்து மண் சுத்தமானது, எந்தப் பருவத்தில், எவ்வளவு ஓட்டத்தோடு விடுவது என்று அளந்து பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. அந்த அளவீட்டுக்கும் சோதனை வெள்ளங்களுக்கும்தான் இப்போது பணம் போக வேண்டும் என்பது என் கருத்து, கரையில் கல் அடுக்குவதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கையாவது முதலில் இதற்குத் திருப்ப வேண்டும்.